பல் டாக்டர் பச்சை

பிப்ரவரி 8

அக்கா,

போனில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். நம் வீட்டில் ஒரே அறை, அதில் அம்மா. உன் விடுதியிலும் ஒரே அறை, அதில் உன்னோடு ஐந்து பேர். போன வாரம் நான் "ஒரு விஷயம்க்கா" என்று ஆரம்பித்ததுமே உன் பக்கம் ஒருத்தி "யாராம், லவ்வாமா?" என்று கேட்டது எனக்கே கேட்டது. ரகசியம் பேசவும் வசதி வேண்டும் போலிருக்கிறது. பதிலைக் கல்லூரி அலுவலக முகவரிக்குப் போடு.

லவ் இல்லை, பயப்படாதே. சினிமா.

கல்லூரிகளுக்கு இடையே ஒரு குறும்படப் போட்டி வருகிறது. சனிக்கிழமை காலை தலைப்புக் கொடுப்பார்கள். ஞாயிறு சாயங்காலத்துக்குள் கதை யோசித்து, எடுத்து, வெட்டி ஒட்டி, படமாகக் கொடுத்துவிட வேண்டும். எங்கள் கல்லூரியிலிருந்து ஒரு குழு போகிறது. மூன்றாம் ஆண்டில் ஒருவன் இருக்கிறான். இன்னும் ஒரு படம்கூட எடுத்ததில்லை, ஆனால் கேன்டீன்காரர் வரைக்கும் எல்லோரும் அவனை இயக்குநர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கேமராவுக்கு ஒரு பெண், அதிகம் பேசாதவள். எடிட்டிங்குக்கு ஒருவன், எப்போது பார்த்தாலும் தூங்கிக்கொண்டிருப்பவன். ஒலிப்பதிவுக்கு ஆள் இல்லை. என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

எப்படி என்னைப் பிடித்தார்கள் தெரியுமா? ஆண்டு விழாவில் கல்லூரி முதல்வர் பேசப் பேச ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். மைக்கை மாற்றினார்கள், ஸ்பீக்கரைத் தட்டினார்கள், முதல்வரையும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். நான் மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். பார்க்க ஒழுங்காக இருக்க வேண்டும் என்று மைக் ஒயரையும் கரண்ட் ஒயரையும் ஒன்றாகச் சேர்த்து டேப் சுற்றி வைத்திருந்தார்கள். பிரித்துப் போட்டேன். இரைச்சல் நின்றது. முதல்வர் பேசுவது தெளிவாகக் கேட்க ஆரம்பித்ததும் கூட்டம் முழுக்க என்னைத் திட்டியது. அன்றைக்கு மேடையோரம் நின்றிருந்தான் இந்த இயக்குநர்.

ஆசையாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. அவர்கள் பேச்சில் பாதி சினிமாப் பெயர்கள். நான் பார்த்த சினிமாவெல்லாம் பஸ்ஸில் பார்த்தது, பாதியில் இறங்கியது. நான் வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். ஆனால் ஹெட்போன் மாட்டியவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. மார்ச் முதல் வாரத்துக்குள் சேருகிறேனா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டியதை மனசு வராமல் கடைசியில் எழுதுகிறேன். போட்டி மார்ச் எட்டு, ஒன்பது. நீ லீவில் வரும் அதே சனி, ஞாயிறு. வேலையில் சேர்ந்த பிறகு உனக்குச் சேர்ந்தாற்போல் கிடைத்த முதல் லீவு.

நீ சொல்.

உன் வாலு

*

பிப்ரவரி 12

வாலு,

உன் எழுத்தைப் படிக்க ஒரு டீ இடைவேளை முழுக்கப் போயிற்று. கொஞ்சம் பெரிதாக எழுது.

லீவு என்ன பெரிய லீவு. நான் வந்தால் முதல் நாள் தூங்குவேன். இரண்டாம் நாள் தூங்கியதற்காக அம்மா திட்டுவாள். சாயங்காலம் வண்டி ஏறிவிடுவேன். இதில் நீ பக்கத்தில் உட்கார்ந்து விசிறவா போகிறாய்? போ. சினிமா எடு.

ஆனால் ஒன்று கேட்டுக்கொள். போன வருஷம் இங்கே கம்பெனியைப் பற்றிப் படம் எடுக்க வந்தார்கள். கார் சீட்டுக்கு உறை தைக்கிற எங்கள் லைனுக்குப் புது யூனிபார்ம் கொடுத்தார்கள். ஸ்டூலில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போகிறதே என்று நாங்கள் வெட்டுத் துண்டு ஸ்பாஞ்சில் மெத்தை செய்து போட்டிருப்போம். அதையெல்லாம் சூப்பர்வைசர் ஒரு மூட்டையாகக் கட்டி ஒளித்து வைத்தார். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தோம். படம் முடிந்ததும் யூனிபார்மைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். மெத்தை மூட்டை திரும்பி வரவே இல்லை. கேன்டீன் டிவியில் படத்தைப் போட்டபோது என்னைத் தேடினேன். என் முழங்கை வந்தது. முழங்கை என்னுடையதுதான் என்று நான் சொன்னேன், பக்கத்து மெஷின்காரி அவளுடையது என்றாள். இன்னும் சண்டை தீரவில்லை.

அதனால் சொல்கிறேன். கேமரா வைத்திருப்பவர்கள் கூப்பிட்டால் எந்த வேலைக்கு என்று வாய்விட்டுக் கேள். வெட்கப்படாதே. வெட்கப்பட்டால் டீ வாங்க அனுப்புவார்கள்.

நீ இல்லாவிட்டால் வீடு வீடாகவே இருக்காது என்பது வேறு விஷயம். அதை எழுத வேண்டும் என்று நினைக்கவில்லை. பேனா, அழிக்க முடியவில்லை.

அக்கா

*

பிப்ரவரி 18

அக்கா,

கேட்டேன். "எந்த வேலைக்கு?" என்று நீ சொன்ன மாதிரியே வாய்விட்டுக் கேட்டேன். "சவுண்டுதான், வேற என்ன?" என்றான் இயக்குநர். ஒத்திகைக்கு வரச் சொன்னார்கள். போனேன்.

அக்கா, ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கை நீட்டினால் என்ன ஆகிறது தெரியுமா? அறையின் அந்தக் கோடியில் கேமராக்காரி பேனா மூடியைக் கடிப்பது என் காதுக்குள் கேட்டது. இயக்குநர் பெரிய பெரிய விஷயமாகப் பேசிக்கொண்டிருந்தான், அவன் வயிறு பசியில் கத்திக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் தெரியும். இவ்வளவு நாளும் காதை மூடிக்கொண்டே இருந்துவிட்டேனோ என்று இருந்தது. இந்த வேலை எனக்கு வேண்டும். எதற்காகவும் நான் இப்படி எழுதியதில்லை. வேண்டும்.

இப்போது மீதியைக் கேள்.

ஒத்திகை முடிந்ததும் இயக்குநர், "நீங்க எங்க இருக்கீங்க? வீட்டைப் பார்க்கலாமா?" என்றான். ஏதோ மரியாதைக்குக் கேட்கிறான் என்று தலையாட்டிவிட்டேன். ஞாயிறு மூன்று பேரும் வந்துவிட்டார்கள். அம்மா பக்கத்து வீட்டில் நாற்காலி கேட்டு வாங்கி வந்தாள். ஒருவரும் உட்காரவில்லை. இயக்குநர் அறையின் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். அடுப்பு, கொடியில் தொங்கும் துணி, உன் பழைய பெட்டி. பிறகு நேராகப் போய்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைத் தூக்கினான்.

அந்த ஈரம் இப்போது உன் காலத்தில் இருந்ததைவிடப் பெரிது. மேல் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் முழுக்க நம் சுவருக்குள்தான் குடியிருக்கிறது. வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி அம்மாவுக்கு இருமல் வந்ததுதான் மிச்சம். இவன் அதைக் கையால் தடவிப் பார்த்தான். தங்கத்தை உரசிப் பார்க்கிறவன் மாதிரி.

"இது செட் போட்டாக்கூட வராது," என்றான். பிறகு அம்மாவிடம், "ஆன்டி, எதையும் மாத்தாதீங்க. அப்படியே இருக்கட்டும்."

அம்மா காலண்டரைத் திரும்ப மாட்டினாள். ஆணி பிடிக்கவில்லை. கையால் பிடித்துக்கொண்டே நின்றாள்.

தலைப்பே இன்னும் கொடுக்கவில்லையே, அதற்குள் வீடு எதற்கு என்று கேமராக்காரியிடம் வாசலில் கேட்டேன். அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். இயக்குநர் ஏற்கெனவே ஒரு கதை வைத்திருக்கிறானாம். ஈரச் சுவர் வீட்டில் ஒரு தாய், வராத மகன். எந்தத் தலைப்புக் கொடுத்தாலும் அதற்குள் நுழைத்துவிடலாமாம். தலைப்பு என்னவென்று அவனுக்குத் தெரியாது, ஆனால் நம் வீடு சோகம் என்று தெரியும்.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். என்னைக் கூப்பிட்டார்களா, சுவரைக் கூப்பிட்டார்களா? வீட்டைத் தர மாட்டேன் என்று சொன்னால் என்னை வைத்துக்கொள்வார்களா? கேட்டால் தெரிந்துவிடும். அதனால்தான் கேட்கவில்லை.

வீட்டைக் கொடுத்தால் நீ வந்து படுக்கும் இடத்தில் லைட் ஸ்டாண்டு நிற்கும். அதையும் யோசிக்கிறேன்.

வாலு

*

பிப்ரவரி 22

வாலு,

வேண்டாம்.

இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை, ஆனாலும் எழுதுகிறேன். கோபத்தில் இன்றைக்கு இரண்டு உறை கோணலாகத் தைத்துப் பிரித்தேன்.

அந்தக் காலண்டரை மாட்டியவள் நான். நீ பள்ளிக்கூடத் தோழியை முதல் தடவை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று, அவள் கண்ணில் அது படக்கூடாது என்று மாட்டினேன். உனக்கு அது ஞாபகம் இருக்காது. எவனோ ஒருவன் வந்து அதைத் தூக்கிப் பார்ப்பானாம், நீ பக்கத்தில் நின்றாயாம். அம்மாவின் இருமல் அவனுக்குச் செட்.

இங்கே என்ன செய்தார்கள் என்று எழுதினேன் அல்லவா? எங்களைச் சுத்தமாக்கி எடுத்தார்கள். அங்கே அழுக்காகவே வேண்டுமாம். நாம் எப்படி இருக்கிறோமோ அப்படி எவனுக்கும் வேண்டாம். அம்மா விழித்திருக்கிற நேரத்தில் பாதி சிரித்துக்கொண்டுதான் இருப்பாள். அதை அவன் எடுப்பானா? மாட்டான். முகத்தைத் தொங்கப் போடச் சொல்வான்.

சேராதே. சவுண்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். நான் வரும்போது அந்த ஆட்கள் வீட்டுக்குள் இருந்தால் நான் பஸ்ஸை விட்டே இறங்க மாட்டேன். லீவை விடுதியிலேயே படுத்துக் கழிக்கிறேன்.

அக்கா

*

பிப்ரவரி 25

அக்கா,

வேண்டாம் என்று எழுதுவது உனக்குச் சுலபம்.

எந்தக் குரூப் எடுக்க வேண்டும் என்று நீதான் சொன்னாய். எந்தக் கல்லூரி என்று நீதான் சொன்னாய். தலைமுடி வெட்ட வேண்டாம் என்றுகூட நீதான் சொன்னாய். எல்லாம் என் நல்லதுக்கு. எனக்கும் தெரியும். ஆனால் நீ காலண்டரை மாட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டாய். அதற்குப் பின்னால் இருப்பதோடு தினமும் தூங்கி எழுகிறவள் நான். அவன் சுவரைத் தடவியபோது எனக்கும் அறைய வேண்டும் போலத்தான் இருந்தது. அதற்காக எனக்கு இந்தக் காதுகூட வேண்டாம் என்று நீ எப்படிச் சொல்லலாம்?

வீட்டைத் தருவதா வேண்டாமா என்று நீ சொல்லலாம், அது உன் வீடும்தான். நான் சேருவதா வேண்டாமா என்பது என் விஷயம்.

லீவை விடுதியில் கழிப்பதென்றால் கழி. அம்மாவிடம் நீயே சொல்லிக்கொள்.

பின்குறிப்பு: அந்தத் தோழி வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவள் காலண்டரில் தேதி கிழிக்கவில்லையே என்று கேட்டாள். நீ கிழிக்கப் போய்க் காலண்டரே கையோடு வந்துவிட்டது. மூன்று பேரும் எவ்வளவு சிரித்தோம். அதை மட்டும் மறந்துவிட்டாய்.

*

மார்ச் 1

வாலு,

உன் கடிதம் வந்தது. மதியச் சாப்பாட்டின்போது படித்தேன். பக்கத்து மெஷின்காரி "என்னடி, கண்ணுல பஞ்சு விழுந்துடுச்சா?" என்றாள். ஆமாம் என்றேன்.

நீ எழுதியது சரி. வீடு என் விஷயமும்தான், காது உன் விஷயம். தலைமுடி விஷயத்தில் மட்டும் நான் சொன்னதுதான் சரி.

இப்போது வேறு ஒன்று சொல்ல வேண்டும். அம்மா சொல்லாதே என்றாள். அதனால் உடனே சொல்கிறேன். நேற்று அவள் வேலை செய்கிற பல் கிளினிக்கிலிருந்து போன் செய்தாள். இப்போதுதான் கிளினிக்குக்குப் பெயின்ட் அடித்து முடித்தார்களாம். டின்னில் மிச்சம் இருக்கிறதாம். டாக்டர் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம். "பச்சையா இருக்கு, நம்ம வீட்டுக்கு எடுப்பா இருக்குமா?" என்று என்னைக் கேட்டாள். எதற்கு இப்போது பெயின்ட் என்றேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"அந்தத் தம்பி காலண்டரைத் தூக்கிப் பார்த்துட்டான்டி. நாலு பேர் பார்க்கிற படத்துல வீடு அப்படியா இருக்கும்?"

அவன் எதையும் மாற்றாதீர்கள் என்று சொன்னானாமே என்றேன். "வீட்டுக்கு வர்றவங்க அப்படித்தான் சொல்வாங்க. ஒண்ணும் செய்ய வேண்டாம்னு சொன்னா செய்யாம விட்டுடுவாங்களா?" என்றாள்.

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். அவளுக்கு உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவனுக்கு நம் அழுக்குத்தான் வேண்டும் என்று எப்படிம்மா உன்னிடம் சொல்வது? பச்சை நன்றாக இருக்கும், அடி என்று சொல்லிவிட்டேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அடித்து முடித்திருப்பாள்.

நீ குழுவில் சேருவது இதனால் கெட்டால் என்னைத் திட்டு. அவளைத் திட்டாதே.

நான் வருவேன். பஸ்ஸை விட்டு இறங்குவேன். பச்சையைப் பார்க்க.

அக்கா

*

மார்ச் 3

அக்கா,

உன் பதில் இன்னும் வரவில்லை. கோபமாக இருக்கிறாயோ என்னவோ. இருந்தாலும் இதை உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

நேற்று நூலகத்திலிருந்து வீட்டுக்கு வந்தால் கதவு திறந்து கிடக்கிறது, சாமான் எல்லாம் வாசலில். உள்ளே அம்மா ஸ்டூல் மேல் நிற்கிறாள், தலைமுடி பச்சை, மூக்கு பச்சை. வீடு முழுக்கப் பல் டாக்டர் பச்சை. உள்ளே நுழைந்ததும் வாயைத் திறந்து காட்ட வேண்டும் போல இருந்தது. "எப்படி இருக்கு?" என்றாள். இவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று. நன்றாக இருக்கிறது என்றேன். நிஜமாகவே நன்றாக இருந்தது, அக்கா. அறை அகலமாகிவிட்டது போல.

இன்றைக்குச் சாயங்காலம் இயக்குநரும் கேமராக்காரியும் லைட் எங்கே வைப்பது என்று பார்க்க வந்தார்கள். முன்கூட்டிச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன், வழி முழுக்க அவன் பேச்சே நிற்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றியவன் அப்படியே நின்றுவிட்டான்.

"ஐயோ ஆன்டி. ஏன் இப்படிப் பண்ணீங்க?"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, "ஏன் தம்பி, கலர் புடிக்கலையா? வெள்ளைகூட இருக்கு, கொஞ்சம்தான்," என்றாள்.

அவன் அம்மாவுக்குப் பதில் சொல்லவில்லை. என்னிடம் திரும்பினான். ஒரு சுவரை மட்டும் பழையபடி ஆக்கிவிடலாமாம். டீத்தண்ணீர் தெளித்து, கொஞ்சம் கரி தேய்த்தால் போதுமாம். இவ்வளவும் அம்மா நிற்கும்போதே. அவள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். பிறகு புரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் அவள் சட்டென்று டீ போடத் திரும்பிவிட்டாள்.

கேட்கப் பயந்த கேள்வி அப்போது தானாக வந்துவிட்டது. "சுவர் இருக்கட்டும். இந்த வீட்டை நான் தரல. நான் வேணுமா, வேண்டாமா?"

அவன் யோசித்தான். ஒரு நொடிதான். ஆனால் யோசித்தான். கேமராக்காரி யோசிக்கவில்லை. "வேணும்," என்றாள். "ஆண்டு விழாவுல ஒயரைப் பிரிச்சப்ப இவளைக் கூப்பிடலாம்னு சொன்னது நான். வீடு உன் ஐடியா." அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அவனும் கேட்டதில்லை போல.

வேறு வீட்டுக்கு இப்போது எங்கே போவது என்றான். "உங்க வீடு இருக்கே," என்றேன். அவனுக்கு அது தோன்றவே இல்லையாம், அக்கா. தன் வீட்டிலும் ஒரு கதை நடக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

அம்மா டீ கொடுத்தாள். குடித்தான். டம்ளரை வைக்கும்போது "சாரி ஆன்டி. கலர் நல்லா இருக்கு," என்றான். பொய் சொல்லும்போது அவன் குரல் ஒரு படி மேலே போகும், நான் ஹெட்போனில் கண்டுபிடித்திருக்கிறேன். இந்தத் தடவை போகவில்லை.

ஆக, சேருகிறேன். பெயர் கொடுத்துவிட்டேன். நீ வரும் இரண்டு நாளும் நான் வீட்டில் இருக்க மாட்டேன், ஆனால் நீ படுக்க இடம் இருக்கும். மைக் கட்டிய கோலைப் பிடிக்க இன்னும் ஆள் கிடைக்கவில்லை. எடிட்டிங் தூங்குமூஞ்சியைப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தோம், கோலோடு சாய்ந்துவிட்டான்.

வந்துவிடு அக்கா. கோபமாகவே வா.

வாலு

*

மார்ச் 12

வாலு,

இந்த லீவில் நான் தூங்கவே இல்லை. திரும்பும்போது பஸ்ஸில் தூங்கி இறங்கும் இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். சூப்பர்வைசர் காரணம் கேட்டார். ஷூட்டிங் என்றேன். இன்னும் நம்பவில்லை.

நீ அந்த இரண்டு நாளும் கண்ணை மூடிக்கொண்டு ஹெட்போனுக்குள் இருந்தாய். கோலுக்கு ஆள் இல்லை என்று வந்து மாட்டிக்கொண்ட நான் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே நின்றேன். அதனால் நீ பார்க்காததை எழுதுகிறேன்.

'விருந்தாளி' என்று தலைப்பு வந்ததும் உங்கள் இயக்குநர் முகம் போன போக்கை நீ பார்க்கவில்லை. வராத மகனை எப்படி விருந்தாளி ஆக்குவது என்று பஸ் நிறுத்தத்தில் நின்றே யோசித்துக்கொண்டிருந்தான். அவன் வீட்டு வாசலை நீ பார்க்கவில்லை, ஒயர் பார்த்துக்கொண்டிருந்தாய். அவன் அம்மாவிடமும் எதையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறான். அந்த அம்மா திரைச்சீலை மாற்றி, பூச்சாடி வைத்து, கல்யாணத்துக்குக் கிளம்பியவள் மாதிரி உடுத்திக்கொண்டு நிற்கிறாள். இவன் "அம்மா, நான் சொன்னேன்ல" என்கிறான். அவள் "போடா, நாலு பேர் பார்க்கிற படத்துல வீடு அப்படியா இருக்கும்?" என்கிறாள். அதே வார்த்தை. நான் கோலைக் கீழே போட்டிருப்பேன். கேமராக்காரி திரைச்சீலைக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். அவன் மாடிப்படியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். எனக்கே பாவமாக இருந்தது. கடைசியில் எதையும் தொட முடியாத வீட்டுக்கு வருகிற விருந்தாளி என்று அந்த அலங்காரத்தை வைத்தே கதை பண்ணினீர்கள். அவனுடைய ஈரச் சுவரைவிட அது நல்ல கதை. அவனுக்கும் தெரியும்.

சமையலறைப் பின்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த வீட்டு வேலைக்கார அம்மாவை உனக்கு ஞாபகம் இருக்கும். சத்தம் வருகிறது, நிறுத்தச் சொல் என்று அவன் சொன்னான். அந்த அம்மா இன்னும் இரண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள். அவன் திரும்ப வாயெடுத்தபோது நீ ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டாய். "அவங்க முடிக்கட்டும். அதுவரைக்கும் எடுக்க முடியாது," என்றாய். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். அவன், அவன் அம்மா, பூச்சாடி, எல்லாம் காத்திருந்தது. அந்த அம்மா அவசரப்படாமல் தேய்த்தாள். கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்க்கும்போது என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு.

பிறகு நீ எத்தனை தடவை "இன்னொரு தடவை" என்றாய் என்று எனக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. என் கை தோளோடு கழன்று விழும் போல இருந்தது. நான் தையல்காரி, கை தூக்கியே நிற்கிற வேலை எனக்குப் பழக்கமில்லை. வீட்டில் நீ சொல்லி நான் ஒரு டம்ளரை நகர்த்தி வைத்திருக்கிறேனா? அங்கே நீ சொல்லச் சொல்ல நான் தூக்கினேன். அவனும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கண்ணை மூடியிருந்த உன் முகத்தைப் பார்த்தேன். யாருடைய வீட்டுப் பெண் இது என்று இருந்தது.

கிளம்பும் முன் மேல் வீட்டுக்குப் போய்க் குழாயைக் காட்டச் சொன்னேன். முகம் சுளித்தார்கள். பார்த்தேன், ஒழுகுகிறது. வீட்டுக்காரரிடம் நீயும் ஒரு தடவை போ. அங்கே அவனிடம் பேசியது போல, சத்தம் போடாமல்.

அக்கா

*

மார்ச் 25

அக்கா,

பரிசு இல்லை.

முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், கடைசி வரைக்கும் உன்னைக் காக்க வைக்கக்கூடாது. பெரிய கல்லூரிக்காரர்கள் ஒரு படம் எடுத்திருந்தார்கள். குடிசை, மழை, அழும் கிழவர். அதற்குத்தான் முதல் பரிசு. அந்தக் கிழவருக்கும் டீ வாங்கிக் கொடுத்திருப்பார்களா என்று யோசித்துக்கொண்டே கை தட்டினேன்.

ஆனால் நம் படம் ஓடியபோது அரங்கம் சிரித்தது, அக்கா. திரைச்சீலை காட்சியில் சிரித்தார்கள். நாற்காலி இழுக்கும் சத்தத்துக்குச் சிரித்தார்கள். நான் வைத்த சத்தம். பின் வரிசையில் ஒருவர் இருமினார், அதுகூட எனக்கு எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரிந்தது. அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து, கடைசியில் எழுத்து ஓடும்போது வாய்விட்டுப் படித்தாள். 'ஒலிப்பதிவு' என்று என் பெயர். அதற்குக் கீழே 'மைக் கோல்: ஒலிப்பதிவாளரின் அக்கா'. கேமராக்காரியின் வேலை. உன் பெயரைக் கேட்க மறந்துவிட்டாளாம், எல்லோரும் அக்கா, அக்கா என்றே கூப்பிட்டார்களாம். அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் "அது என் பெரிய பொண்ணு" என்றாள். அவர் கேட்கவில்லை. திரும்ப ஒரு தடவை சொன்னாள்.

வீட்டுக்காரரிடம் போனேன். சத்தம் போடாமல்தான் பேசினேன். குழாய்க்காரன் ஒருவன் வந்து மேலே பார்த்தான், கீழே பார்த்தான், தலையைச் சொறிந்துகொண்டு போனான். திரும்ப வரவில்லை. நாளைக்கும் போவேன். பச்சையில் மேல் மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி வந்திருக்கிறது. அம்மா பார்க்காத மாதிரி இருக்கிறாள். நானும் அவள் பார்க்காததைப் பார்க்காத மாதிரி இருக்கிறேன்.

நேற்று கேன்டீனில் இயக்குநர் வந்து எதிரில் உட்கார்ந்தான். அடுத்து ஒரு படம் எடுக்கப் போகிறானாம், போட்டிக்கு இல்லை, சும்மா. சவுண்டுக்கு வருவேனா என்று கேட்டான். எங்கே எடுக்கிறார்கள் என்று கேட்டேன். இன்னும் இடம் முடிவாகவில்லை, முதலில் ஆள் முடிவாகட்டும் என்றான். சொல்லிவிட்டு டீயை ஊதிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தான்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை. கொஞ்சம் காத்திருக்கட்டும்.

உன் அடுத்த லீவு எப்போது என்று எழுது. அதை வைத்துத்தான் அவனுக்குத் தேதி சொல்ல வேண்டும்.

உன் வாலு